தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சின்ன வயதில் உங்களிடமும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்.

"உன்னை எங்க பெத்தோம்? தவிட்டுக்குத்தானே வாங்கினோம்!"

மாமாவோ சித்தியோதான் ஆரம்பிப்பார்கள். நாம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ, "சும்மா இருங்க, புள்ளையை அழ வெச்சுக்கிட்டு" என்று அம்மா வந்து தூக்கிக்கொள்வாள். வீடே சிரிக்கும்.

இந்தக் கிண்டலுக்குப் பின்னால் சோகமான வழக்கம் ஒன்று இருந்தது. பிறக்கிற பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோகும் வீடுகளில், புதிதாகப் பிறந்த குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். 'இது எங்க பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கினது' என்று எமனிடம் சொல்லி ஏமாற்றுவதற்காக. குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்ததும் இதற்காகத்தான். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று, சொந்தப் பிள்ளையையே அந்நியப் பிள்ளை என்று பொய் சொன்ன ஊர் இது.

நாம் அழுதோமே தவிர, நிஜமாகப் பயப்படவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது. அதனால் அது விளையாட்டு.

வேறொரு வீட்டில் பிறந்து நம் வீட்டுக்கு வந்த குழந்தை இதே வார்த்தையைக் கேட்டால்?

என் கல்லூரி நண்பன் ஒருவனால்தான் இந்தக் கேள்வி வந்தது. பி.காம்-மில் மூன்று வருடம் பக்கத்து பெஞ்ச். இப்போது தர்மபுரி மாவட்டத்தில் தக்காளி மண்டி வைத்திருக்கிறான். பெயரும் ஊரும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தையில்லை. சேலம், கோயம்புத்தூர் என்று ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். "டேய், தத்து எடுத்துக்கலாம்னு இருக்கோம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்குள்ள ஏண்டா? இன்னும் ஒரு ட்ரீட்மென்ட் பாத்துட்டு, கடைசியா அதைப் பாக்கலாமே" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எல்லாக் கதவும் மூடின பிறகு தட்ட வேண்டிய கதவு அது என்று நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வீட்டுக் காற்றிலேயே இருந்திருக்கிறது. 'அவங்களுக்குப் பிள்ளையில்ல, பாவம், ஒண்ணை எடுத்து வளக்கறாங்க' என்று அம்மா குரல் தாழ்த்திச் சொன்ன தொனியிலேயே நான் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் அவனே மறுபடி பேசினான். "பத்திரிகைக்காரன்தானே நீ, ஆஸ்பத்திரியில யாரையாவது தெரியுமா?"

"அதெல்லாம் வேண்டாம்" என்றேன். ஆளைப் பிடித்துக் குழந்தை வாங்குவது குற்றம். முறையான வழி இருக்கிறது. மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், சுருக்கமாக 'காரா', அதன் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். பிறகு வரிசைப்படி காத்திருக்க வேண்டும். முறை வரும்போது குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் காட்டுவார்கள். 48 மணி நேரத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். முன்பு கோர்ட் உத்தரவு போட்டது. 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே ஆணை கொடுக்கிறார். அந்த ஆணை வந்த நாளிலிருந்து சட்டப்படி அது உங்கள் பிள்ளை. சொத்து உட்பட எல்லா உரிமையும் உண்டு.

வயதுக்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. அவனுக்கு 44, அவளுக்கு 39. காத்திருப்பவர்களோ நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேல். 2024-25-ல் இந்தியா முழுக்கச் சட்டப்படி நடந்த தத்தெடுப்பு 4,515. அதுவே பெரிய சாதனை என்று அறிவித்தார்கள்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில் கொஞ்சம் தயங்கி, மூன்று கேள்வி கேட்டான்.

"நம்ம ஆளுங்க குழந்தையா பாத்து வாங்க முடியுமா?"

"பையனா கிடைக்குமா?"

"கொஞ்சம் கலரா..."

எனக்குக் கோபம் வந்தது. 'மண்டியில தக்காளி பொறுக்கறியாடா?' என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. ஆனால் போன வாரம் நான் சொன்ன யோசனை ஞாபகம் வந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் ஒன்றும் கெட்டவனில்லை. மண்டியில் கூலிக்காரர் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறவன். அவன் கேட்டது அவன் கேள்வியே இல்லை. அவனுடைய வீடு கேட்டது.

இந்தக் கேள்விகளின் பிறந்த ஊரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1992-ல் சேலம் மாவட்டத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 'பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள். வேண்டாமென்றால் இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் வளர்த்துக்கொள்கிறோம்' என்று ஓர் அரசாங்கமே கையேந்தியது. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல்லோடு தர்மபுரிக்கும் அந்தத் தொட்டில் வந்தது. அந்த வருடக் கணக்கெடுப்பில், தர்மபுரியில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இருந்த பெண் குழந்தைகள் 826 பேர்தான். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. நிம்மதிப் பெருமூச்சு விட முடியவில்லை. 2022-ல்கூட, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்து சொன்ன கும்பல் ஒன்று தர்மபுரியில் பிடிபட்டது.

தொட்டிலில் போட்ட தாய்க்குக் கல் மனசு என்று சொல்லிவிடுவது சுலபம். அவளுக்குப் பின்னால் நின்று அவள் கையைத் தள்ளியது எது? 'பொண்ணுன்னா செலவு', 'கொள்ளி போட ஆண் வேணும்', 'நாலு பேர் என்ன சொல்வாங்க', 'எந்த சாதிக்காரனுக்குப் பொறந்ததோ'. இவைதானே?

இப்போது என் நண்பனின் மூன்று கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த நம்பிக்கைகள் ஒரு குழந்தையைத் தொட்டிலில் போட வைத்தனவோ, அதே நம்பிக்கைகள், அந்தக் குழந்தை போகப்போகிற வீட்டின் வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கின்றன.

குழந்தை ஒரு தடவை தப்பித்தது. மறுபடியும் அவர்களிடமே போய்ச் சேர வேண்டுமா?

2019-ல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் குழந்தை விற்பதாக ஆடியோ ஒன்று வெளியாகித் தமிழ்நாடே அதிர்ந்தது ஞாபகமிருக்கிறதா? பெண்ணென்றால் ஒரு விலை, ஆணென்றால் அதைவிட அதிகம், சிவப்பாக இருந்தால் இன்னும் அதிகம் என்று அவர் அடுக்கியதைக் கேட்டுப் பதறினோம். நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு ஒன்று தெரியும். விலையை வியாபாரி மட்டும் தீர்மானிப்பதில்லை. வாங்குகிறவன் மனசில் இருப்பதைத்தான் அவன் சீட்டில் எழுதி ஒட்டுகிறான். அந்த விலைப்பட்டியல் நம் வீடுகளில் தயாரானது.

நல்ல செய்தியும் உண்டு. சட்டப்படி தத்துப் போகும் குழந்தைகளில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளே அதிகம். 1956-க்கு முன்பு இந்து தர்ம சாஸ்திரப்படி பெண்ணைத் தத்தெடுக்கவே வழியில்லை. பிள்ளை வேண்டும் என்றால் கொள்ளி வைக்க வேண்டும், சொத்தை ஆள வேண்டும் என்றுதான் அர்த்தம். அங்கிருந்து பார்த்தால் வெகுதூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் ஊர் மாறுவது வேறு, உங்கள் வீடு மாறுவது வேறு.

வீட்டுக்கு வருகிற சமூகப் பணியாளர் என்னவெல்லாம் பார்ப்பார்? வருமானம், வீடு, உடல்நிலை, கணவன் மனைவி உறவு, வீட்டுப் பெரியவர்களின் சம்மதம். எல்லாம் கேட்பார். நாமும் பெண் பார்க்க வரும்போது சோபாவுக்குப் புது உறை மாற்றுகிற மாதிரி மனசுக்கு உறை மாட்டிக்கொண்டு பதில் சொல்வோம். "ஆணோ பொண்ணோ, எங்களுக்கு ஒண்ணுதாங்க." அறிக்கை பாஸாகிவிடும். உறைக்குக் கீழே இருக்கிற கிழிசல் குழந்தைக்குத்தான் தெரிய வரும், நிதானமாக, ஏழெட்டு வருடம் கழித்து.

கடையில் வருடா வருடம் ஸ்டாக் எடுப்போம், தெரியுமில்லையா? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பரணில் கிடப்பது, மூலையில் மக்கிப்போனது எல்லாவற்றையும் இறக்கி எண்ணுவோம். 'அட, இது இன்னுமா இங்க இருக்கு?' என்று நாமே ஆச்சரியப்படுவோம். தத்தெடுக்கப் போகிற வீட்டிலும் ஒரு நாள் அப்படி உட்கார வேண்டும். அதிகாரி இல்லாத நாளில். வீட்டில் இருக்கிற எல்லோரும்.

முதலில் ரத்தம். நீங்கள் பெற்ற பையன் பிடிவாதம் பிடித்தால் என்ன சொல்வீர்கள்? "அப்படியே அவங்க தாத்தா!" கொஞ்சம் பெருமைகூட இருக்கும் அதில். வளர்க்க வந்த பையன் அதே பிடிவாதம் பிடித்தால்? "யார் பெத்ததோ, எந்த ரத்தமோ." கணக்குப் பதிவில் இதை மோசடி என்போம். ஒரே செலவு, ஆனால் ஆளைப் பார்த்து வேறு வேறு தலைப்பில் எழுதுவது. கணக்கில் பெயில், பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடைந்தது, பதினாறு வயசில் ஒரு காதல் கடிதம். இந்த மூன்றையும் சும்மா மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். முதலில் எந்தத் தலைப்பு வருகிறது? அதுதான் உங்கள் நம்பிக்கை. பணியாளரிடம் சொன்னது அல்ல.

இரண்டாவது சாதி. காராவின் விண்ணப்பத்தில் குழந்தையின் வயது, ஆணா பெண்ணா, உடல்நிலை பற்றியெல்லாம் விருப்பம் சொல்லலாம். சாதிக்குக் கட்டம் கிடையாது. ஆனால் இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பங்காளிகள் மெதுவாகக் கேட்பார்கள், "பொண்ணு நம்ம சாதிதானே?" என்று. 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாகச் சொல்லி, நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்திய அதே மாவட்டம் இது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தப் பெண்ணைத் தனியாக நிறுத்துவீர்களா, அவளுக்கு முன்னால் நீங்கள் போய் நிற்பீர்களா? குழந்தையை வாங்கிய பிறகு யோசிக்கிற விஷயமில்லை இது.

மூன்றாவது உண்மை. "சொல்லாமலே வளத்துடுவோம்" என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். தெருவுக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். ஸ்கூல் ஆயாவுக்குத் தெரியும். குழந்தைக்கு மட்டும் தெரியாது. ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில், ஏதாவது ஒரு சொத்துச் சண்டையில், யாரோ ஒருவர் வாயிலிருந்து அது விழும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு வலிப்பது, தான் பெற்ற பிள்ளை இல்லை என்பது மட்டுமல்ல. 'இத்தனை வருஷமா எல்லாரும் சேர்ந்து நடிச்சீங்களா?' என்பதுதான். பதினெட்டு வயதானால் தன் பூர்வீகத்தைப் பற்றிக் கேட்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பிள்ளை கேட்டால் நெஞ்சு வெடித்துவிடுமா உங்களுக்கு? இல்லை, கூடவே கிளம்புவீர்களா? நம் வீடுகளில் குழந்தைகளிடம் உண்மை பேசும் பழக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நன்றிக்கடன்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று நம் ஊர்ப் பழமொழி. எவ்வளவு நல்ல பழமொழி! இருந்தாலும் பாருங்கள், அதிலும் ஒரு வரவு எதிர்பார்ப்பு. புண்ணியம் வரும், வயசான காலத்தில் சோறு வரும், ஊரில் நல்ல பேர் வரும். பெற்ற பிள்ளையிடமும் எதிர்பார்க்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளை "நானா என்னைப் பெத்துக்கச் சொன்னேன்?" என்று ஒரு நாள் கத்திவிட்டுப் போகலாம். சாயங்காலம் சாப்பிட வந்துவிடும். தத்துப் பிள்ளையால் அப்படிக் கத்த முடியுமா? கத்தினால், "நாங்க இல்லைன்னா நீ எங்க கிடந்திருப்பே?" என்று நம் வாயில் வருமா, வராதா? ஆத்திரத்தில் ஒரே ஒரு தடவை வந்தால் போதும். பத்து வருட அன்பையும் அந்த ஒரு வரி கடனாக மாற்றிவிடும். அதற்கப்புறம் அந்தக் குழந்தை அந்த வீட்டில் வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கும்.

"சார், பெத்துக்கறவங்களை யாரும் இப்படிக் கேள்வி கேக்கறதில்லையே? தத்தெடுக்கறவனுக்கு மட்டும் ஏன் பரீட்சை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெற்றவர்களும் கேட்டுக்கொண்டால் நாட்டுக்கு நல்லது. ஆனால் இந்தக் குழந்தை ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்துவிட்டு வருகிறது. இன்னொரு தடவை இழக்க அதற்குத் தெம்பில்லை. தத்தெடுத்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று திருப்பி ஒப்படைத்தவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் ஆசையில்லாதவர்களா? ஆசை நிறையவே இருந்திருக்கும். தங்களைத் தெரியாமல் இருந்திருக்கும்.

மகானாக இருந்தால்தான் தத்தெடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படியென்றால் ஒரு குழந்தைக்கும் வீடு கிடைக்காது. ஸ்டாக் எடுக்கும்போது மக்கிப்போன மூட்டை கிடைத்தால் கடையை மூடிவிடுகிறோமா என்ன? எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அப்புறப்படுத்தலாம். தெரியாவிட்டால்தான் நாறும்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். கோபித்துக்கொண்டான். பத்து நாள் போன் இல்லை. பதினோராம் நாள் அவனே பேசினான். குரல் வேறு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவன், மனைவி, அவனுடைய அம்மா. மனைவிதான் பேச்சை ஆரம்பித்திருக்கிறாள். "அத்தை, பொண்ணு வந்தா உங்களுக்குச் சம்மதமா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லையாம். புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அப்புறம் சொன்னார்களாம்.

"இவனுக்கு முன்ன ஒரு பொண்ணு பொறந்துச்சு. அப்பல்லாம் தொட்டில் கிடையாது."

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது நாற்பத்து நான்கு வயதில்தான் அவனுக்குத் தெரிந்தது.

அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதட்டும், எழுதினாலாவது..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்களாம்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து மகனிடம், "பொண்ணாவே வரட்டும்" என்றார்களாம். விண்ணப்பத்தில் அப்படியே எழுதிவிட்டார்கள். இப்போது வரிசையில் காத்திருக்கிறார்கள். மருமகள் பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசில் ஒரு முள். அவனிடம் சொன்னேன். "டேய், வரப்போற குழந்தை உங்கம்மாவோட பழைய கணக்கைத் தீர்க்க வர்ற குழந்தை இல்லைடா. போன பொண்ணே திரும்பி வந்துட்டான்னு அது தலையில எதையும் ஏத்தி வெச்சிடாதீங்க. அது வேற பொண்ணு. அதுக்குன்னு ஒரு கதை இருக்கு."

கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தான்.

"நீ சொல்றது சரிதான். ஆனா அதை நான் எப்படி அவங்ககிட்ட சொல்றது? நீயே ஒரு தடவை வந்து சொல்லேன்" என்றான்.

அடுத்த மாதம் போகிறேன். என்ன வார்த்தையில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தால் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?